சும்மா கிடக்கும் ரூமை ஹோம்ஸ்டேவாக விடலாமா? பத்து வருஷம் தாங்குமா? முழு விளக்கம்

மகளுக்குக் கல்யாணம் ஆகிப் போயாச்சு. மகன் பெங்களூருவில் வேலை. மாடியில் ரெண்டு ரூம் சும்மா கிடக்கு. பக்கத்து வீட்டுக்காரர் தன் மேல்மாடியை ஆன்லைனில் போட்டு, "சனி, ஞாயிறு மட்டும் ரெண்டாயிரம் வருது சார்" என்கிறார். நாமும் செய்தால் என்ன?

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, திருவண்ணாமலை, ராமேஸ்வரம், புதுச்சேரி, வேலூர் எனப் பல ஊர்களில் இன்று வீட்டுக்கு வீடு நடக்கும் பேச்சு இது. 2025-26 மத்திய பட்ஜெட்டில் ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் வழங்கப்படும் என நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த பிறகு, "லோன் போட்டு ரெண்டு ரூம் சேர்த்துக் கட்டிடலாமே" என்ற யோசனையும் பலருக்கு வந்திருக்கிறது.

முதல் மாதம் காசு வருமா என்றால், பெரும்பாலும் வரும். அஞ்சு வருஷம், பத்து வருஷம் கழித்தும் வருமா? அங்கேதான் கணக்கு மாறுகிறது. எதனால் மாறுகிறது, யாருக்கு இது நிலைக்கும், யாருக்குக் கையைச் சுடும் என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

ஹோம்ஸ்டே என்றால் என்ன?

வீட்டு உரிமையாளர் அதே வீட்டில் குடும்பத்தோடு இருக்க வேண்டும். மீதம் இருக்கும் அறைகளை மட்டும் விருந்தினருக்கு விட வேண்டும். இதுதான் ஹோம்ஸ்டே. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 'இன்கிரெடிபிள் இந்தியா' ஹோம்ஸ்டே திட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஒன்று முதல் ஆறு அறைகள், அதிகபட்சம் 12 படுக்கைகள், உரிமையாளர் அங்கேயே வசிக்க வேண்டும். வசதியைப் பொறுத்து கோல்டு, சில்வர் என இரண்டு தரச் சான்றிதழ்கள் உண்டு. கேரள சுற்றுலாத் துறை டைமண்ட், கோல்டு, சில்வர் என மூன்றாகப் பிரிக்கிறது.

ஆனால் ஆன்லைனில் ஹோம்ஸ்டே என்ற பெயரில் வருவதெல்லாம் இந்த வகை இல்லை. உரிமையாளர் சென்னையில் இருப்பார், வீடு கொடைக்கானலில் இருக்கும், சாவி வாட்ச்மேனிடம் இருக்கும். பேருக்குத்தான் ஹோம்ஸ்டே, நடப்பது லாட்ஜ்.

இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வருமானமானாலும் சட்டமானாலும், கடைசியில் இதில்தான் வந்து நிற்கும்.

இந்த ஐடியா எங்கிருந்து வந்தது?

வழிப்போக்கருக்குத் திண்ணையில் இடம் கொடுப்பது நம்ம ஊருக்குப் புதிதல்ல. அதற்குக் காசு வாங்கியதில்லை என்பதுதான் வித்தியாசம். இன்றைய ஆன்லைன் முறையின் கதை 2007 அக்டோபரில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்குகிறது.

பிரையன் செஸ்கி, ஜோ கெபியா என்ற இரண்டு நண்பர்களால் வீட்டு வாடகை கட்ட முடியவில்லை. ஊரில் ஒரு டிசைன் மாநாடு. ஹோட்டல்கள் எல்லாம் ஃபுல். வீட்டு ஹாலில் காற்றடைத்த மெத்தைகளைப் போட்டு, காலை உணவும் கொடுத்து, மூன்று பேரைத் தங்க வைத்தார்கள். அடுத்த ஆண்டு நேதன் பிளச்சார்சிக் சேர்ந்தார். அதுதான் பின்னாளில் ஏர்பிஎன்பி ஆனது.

கவனிக்க வேண்டியது, அவர்கள் தங்க வைக்க வீடு கட்டவில்லை. ஏற்கெனவே குடியிருந்த வீட்டில் மீதமிருந்த இடத்தை விற்றார்கள். விருந்தினர் வரவில்லை என்றால் மெத்தையைச் சுருட்டி வைத்துவிடலாம், நஷ்டம் இல்லை. இந்தத் தொழிலின் பலமே அந்த 'நஷ்டம் இல்லை' என்பதுதான்.

சரி, கணக்கு போட்டுப் பார்க்கலாமா?

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். அட்டாச்டு பாத்ரூம் உள்ள ஒரு அறை. ஒரு இரவுக்கு ₹1,800. இதே அறையை மாத வாடகைக்கு விட்டால் ₹7,000 கிடைக்கும் என வைத்துக்கொள்வோம். எண்கள் ஊருக்கு ஊர் மாறும், கணக்கு போடும் முறை மாறாது.

மாதம் 10 இரவு புக் ஆனால்:

• வரவு: ₹18,000
• ஆன்லைன் தளத்தின் கமிஷன், 15% என வைத்தால்: ₹2,700
• சுத்தம் செய்ய, படுக்கை விரிப்பு துவைக்க, ஆறு முறை ஆள் மாறினால் தலா ₹350 வீதம்: ₹2,100
• காலை டிபன், இரவுக்கு ₹160 வீதம்: ₹1,600
• கூடுதல் கரண்ட், ஹீட்டர், வைஃபை: ₹2,000
• பழுது, பெயின்ட், மெத்தை மாற்ற ஒதுக்க வேண்டிய 10%: ₹1,800
• மொத்தச் செலவு: ₹10,200
• கையில் நிற்பது: ₹7,800

மாத வாடகைக்கு விட்டிருந்தால் ₹7,000. அதைவிட ₹800 தான் அதிகம். அந்த 800 ரூபாய்க்காக ஆறு முறை பெட்ஷீட் மாற்றி, பத்து நாள் காலையில் சீக்கிரம் எழுந்து டிபன் செய்து, ராத்திரி 11 மணிக்கு வருபவருக்குக் கேட்டைத் திறந்து விட்டிருப்பீர்கள். உங்கள் வீட்டு ஆட்களின் உழைப்புக்கு இந்தக் கணக்கில் ஒரு ரூபாய்கூடச் சேர்க்கவில்லை.

மாதம் 16 இரவு புக் ஆனால் வரவு ₹28,800. செலவும் கூடும், சுமார் ₹16,000 ஆகும். கையில் ₹12,700 அளவுக்கு நிற்கும். இது நல்ல வருமானம்.

மாதம் 5 இரவுதான் என்றால் வரவு ₹9,000. செலவு போக நிற்பது ₹3,700 அளவுதான். மாத வாடகையில் பாதியைக் கொஞ்சம்தான் தாண்டும்.

ஆக, ஒரு இரவு ரேட் எவ்வளவு என்பது இரண்டாவது கேள்விதான். மாதத்தில் எத்தனை இரவு நிறையும்? முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன "ரெண்டாயிரம் வருது" கணக்கில், அவர் சொல்லாமல் விட்டதும் இதுதான்.

லோன் போட்டு ரூம் கட்டினால் என்ன ஆகும்?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அதே அறையைப் புதிதாகக் கட்ட ₹8 லட்சம் கடன் வாங்குகிறீர்கள். 10% வட்டி, பத்து வருஷம். மாத இஎம்ஐ சுமார் ₹10,570.

மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

• மாதம் 16 இரவு: இஎம்ஐ போக சுமார் ₹2,150 மிச்சம்
• மாதம் 10 இரவு: சுமார் ₹2,770 கைக்காசு போட வேண்டும்
• மாதம் 5 இரவு: சுமார் ₹6,870 கைக்காசு போட வேண்டும்

கடன் தானாக அடைய வேண்டும் என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 14 இரவு நிறைய வேண்டும். ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, பத்து வருஷத்துக்கு, சராசரியாக.

வெள்ளி, சனி இரவுகள் ஒன்றுகூட விடாமல் நிறைந்தாலும் மாதத்துக்கு எட்டு முதல் பத்து இரவுதான் வரும். வார நாட்களிலும் ஆள் வராமல் 14 வராது. வீக்எண்ட் கூட்டத்தை மட்டும் நம்பி கடன் வாங்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

முத்ரா கடனுக்கு அடமானம் தேவையில்லை என்பது உண்மை. அடமானம் இல்லை என்பதால் திருப்பிக் கட்ட வேண்டாம் என்று ஆகிவிடாது. சீசன் வந்தாலும் வராவிட்டாலும் தவணைத் தேதி வரும்.

எந்த ஊரில் யார் தங்க வருகிறார்கள்?

ஒரு அறை நிறைவது ஊரைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் இதைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

1. மலை ஊர்கள்: ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை போன்றவை. ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் கேட்ட ரேட் கிடைக்கும். ஊட்டியில் செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன் உண்டு. மற்ற மாதங்களில் வீக்எண்ட், தொடர் விடுமுறைதான். மழை எச்சரிக்கை வந்தால் புக் ஆனதும் கேன்சல் ஆகும்.

2. கோயில் ஊர்கள்: திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவு அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனால் வருஷத்துக்குப் பௌர்ணமி 12, சில வருஷம் 13. கார்த்திகை தீபத்துக்கும் நீண்ட விடுமுறைக்கும் கூட்டம் கூடும். மற்ற நாளில் வருபவர் பலரும் காலையில் வந்து மாலையில் கிளம்புபவர்கள். நாள்காட்டியைப் பார்த்தே வருமானத்தைச் சொல்லிவிடலாம்.

3. ஆஸ்பத்திரி ஊர்கள்: இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் நீண்ட நாள் நிற்பதில் இதுதான் முன்னால் இருக்கிறது. வேலூரில் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வரும் குடும்பங்கள் தினசரி வாடகையில் தங்குகின்றன. வங்க மொழிப் பெயர்ப்பலகைகள் அங்கே சாதாரணம். இவர்கள் ஒரு இரவு தங்கிப் போகிறவர்கள் இல்லை. பரிசோதனை, ஆபரேஷன், மறு பரிசோதனை என வாரக்கணக்கில் இருப்பார்கள். வார நாள், வார இறுதி என்ற பேதம் கிடையாது. இவர்களுக்கு வேண்டியது மலைக் காட்சி இல்லை. சமைக்க ஒரு அடுப்பு, சுத்தமான பாத்ரூம், நடக்கும் தூரத்தில் ஆஸ்பத்திரி.

4. நகரங்கள்: சென்னை, கோவை, மதுரையில் கல்யாணம், தேர்வு, நேர்காணல், அலுவலக வேலை என வருபவர்கள். கூட்டம் உண்டு, ஆனால் ஹோட்டல்களோடு போட்டியும் உண்டு. குறைந்த விலை லாட்ஜும் சர்வீஸ் அபார்ட்மென்ட்டும் பக்கத்திலேயே இருக்கும்.

ஒரே உத்தரவில் எல்லாம் மாறுமா?

மாறும், மாறியிருக்கிறது. தனக்குச் சம்பந்தமே இல்லாத காரணத்தால் ஒருவரின் அறை காலியாகக் கிடக்கலாம்.

• 2020 மார்ச்சில் வந்த ஊரடங்கில் சுற்றுலா ஊர்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன.

• சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025-ல் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000. மலையின் தாங்குதிறனைக் காக்கத்தான் இந்த நடவடிக்கை. அதேநேரம், வருஷ வருமானத்தின் பெரும்பகுதியை மூன்று மாதத்தில் எடுக்கும் வீடுகளுக்கு உச்சவரம்பு விழுந்ததும் அதே மூன்று மாதத்தில்தான்.

• 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு. பாதிக்கப்பட்டது சில கிராமங்கள். ஆனால் மாவட்டம் முழுவதுமே சுற்றுலாப் பயணிகள் வரத்து சரிந்தது.

• 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி மாறிய பிறகு, அந்நாட்டவருக்கு இந்திய விசா வழங்குவது வெகுவாகக் குறைந்தது. அங்கிருந்து வரும் நோயாளிகளை நம்பியிருந்த விடுதிகளையும் வீடுகளையும் அது நேரடியாகத் தாக்கியது. நிலையானது என்று நாம் சொன்ன ஆஸ்பத்திரி வருமானமும் அசையும் என்பதற்கு இது சாட்சி.

• நீலகிரி சேகூர் யானை வழித்தட வழக்கில், ரிசார்ட்டுகளை அகற்ற வேண்டும் என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் 2011 தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. மூன்று மாதம் கழித்து, மசினகுடியில் எரியும் பொருள் வீசப்பட்டுக் காயமடைந்த யானை ஒன்று உயிரிழந்தது நாட்டையே உலுக்கியது. தொடர்ந்து, அப்பகுதியில் அனுமதியில்லாமல் இயங்கிய தங்குமிடங்களுக்கு மாவட்ட நிர்வாகம் சீல் வைத்தது.

இவற்றில் எதுவும் வீட்டுக்காரரின் கையில் இல்லை. பத்து வருஷத்துக்குக் கணக்குப் போடுகிறவர், அதில் இப்படி ஒரு வருஷமாவது வரும் என்று வைத்துத்தான் போட வேண்டும்.

உலக நகரங்கள் ஏன் கட்டுப்பாடு போடுகின்றன?

ஒரு ஊரில் வீடுகள் எல்லாம் விருந்தினர் அறையாக மாறினால், அங்கேயே வேலை செய்பவருக்கு வாடகை வீடு கிடைக்காது. நர்ஸ், ஆசிரியர், பஸ் டிரைவர் எங்கே குடியிருப்பார்? இந்தக் கேள்விதான் பல நகரங்களில் சட்டமானது.

• நியூயார்க்: 2023 செப்டம்பர் முதல் கடுமையான விதி அமலில் உள்ளது. 30 நாளுக்குக் குறைவாக விட வேண்டுமானால் பதிவு கட்டாயம். வீட்டுக்காரர் உடன் இருக்க வேண்டும். விருந்தினர் அதிகபட்சம் இரண்டு பேர்.

• லண்டன்: முழு வீட்டையும் விடுவதானால், தனி அனுமதி இல்லாமல் வருஷத்துக்கு 90 இரவுதான்.

• பாரிஸ்: சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டை முழுதாக விடும் வரம்பு 120 நாளாக இருந்தது. 2025 முதல் 90 நாள்.

• பார்சிலோனா: சுமார் 10,000 சுற்றுலா அபார்ட்மென்ட் உரிமங்களையும் 2028-க்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை என 2024 ஜூனில் மேயர் அறிவித்தார்.

பட்டியலை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். நியூயார்க்கும் லண்டனும் பாரிஸும் குறிவைப்பது ஆளில்லாத முழு வீட்டை. வீட்டுக்காரர் குடியிருந்து ஒரு அறையை மட்டும் விடுவதை அந்த விதிகள் பெரும்பாலும் விட்டுவைத்திருக்கின்றன. விதிவிலக்கும் உண்டு. பார்சிலோனா 2021-லேயே 31 நாளுக்குக் குறைவாகத் தனி அறை விடுவதையும் தடை செய்துவிட்டது.

நம்ம ஊரில் இவ்வளவு கடுமை இன்னும் வரவில்லை. ஆனால் இந்தத் தொழிலில் சட்டம் போகும் திசை அதுதான். நாளை இங்கேயும் கட்டுப்பாடு வந்தால் முதலில் அடிபடப் போவது விடுவதற்காகவே வாங்கிப் போட்ட இரண்டாவது வீடு. கடைசியில் நிற்கப் போவது, நீங்கள் குடியிருக்கும் வீட்டின் மீதி அறை.

இங்கே என்னென்ன அனுமதி, என்னென்ன வரி?

அனுமதி: உள்ளாட்சி அமைப்பின் உரிமம், சுற்றுலாத் துறைப் பதிவு, கட்டட அனுமதி மூன்றையும் தொடங்கும் முன்பே சரிபார்க்க வேண்டும். மலைப்பகுதி என்றால் கட்டட விதிகள் இன்னும் இறுக்கம். வீட்டுக்கான அனுமதியில் கட்டியதை லாட்ஜாக நடத்தினால் சீல் வரை போகும். அபார்ட்மென்ட்டில் குடியிருப்பவர்கள் சங்கத்தின் துணைவிதியைப் பார்க்காமல் இறங்கக் கூடாது.

நீங்களே வாடகைக்கு இருப்பவரா? தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட முடியாது.

விருந்தினர் விவரம்: ஒவ்வொருவரின் அடையாள அட்டை நகலும், பதிவேட்டில் கையெழுத்தும் கட்டாயம் வாங்குங்கள். வெளிநாட்டவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்கு ஆன்லைனில் தகவல் தர வேண்டும். 'ஃபார்ம் சி' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஒரே ஒரு அறை விடுபவருக்கும் விலக்கு இல்லை.

கரண்ட், சொத்து வரி: வீட்டு மின் இணைப்பில் வணிகம் நடப்பதாகக் கண்டறிந்தால், மின்சாரச் சட்டப்படி இரண்டு மடங்கு கட்டண விகிதத்தில் கணக்கிட்டு வசூலிக்க முடியும். சொத்து வரியும் குடியிருப்பு அல்லாத விகிதத்துக்கு மாறலாம். இரண்டையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஜிஎஸ்டி: ஆண்டு வரவு ₹20 லட்சத்துக்குள் என்றால் பொதுவாக நீங்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆன்லைன் தளம் வழியாக வரும் புக்கிங்குக்கு அந்தத் தளமே வரியை வசூலித்துக் கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் நாளுக்கு ₹7,500 வரையிலான அறைகளுக்கு 5%.

வருமான வரி: வீட்டை மாத வாடகைக்கு விட்டால், சொத்து வரி போக மீதியில் 30% நிலையான கழிவு கிடைக்கும். டிபன், துப்புரவு எனச் சேவையோடு நாள் வாடகைக்கு விட்டால் அது பொதுவாகத் தொழில் வருமானமாகப் பார்க்கப்படும். அப்போது உண்மையான செலவுகளைக் கழிக்கலாம். அதற்கு ரசீதுகள் வேண்டும். உங்களுக்கு எது பொருந்தும் என ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இன்ஷூரன்ஸ்: சாதாரண வீட்டு பாலிசி, காசு கொடுத்துத் தங்கும் விருந்தினரால் வரும் சேதத்தை ஏற்காமல் போகலாம். பாலிசியைப் படித்துப் பார்ப்பது அவசியம்.

காசில் தெரியாத செலவு என்ன?

இந்தத் தொழிலை விடுகிறவர்கள் எல்லோரும் நஷ்டத்தால் விடுவதில்லை. சலித்துப்போய் விடுகிறவர்களும் உண்டு.

நம்ம வீட்டில் வேறு ஆள் இருந்துகொண்டே இருப்பார். வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும், மருந்து சாப்பிட்டுத் தூங்கும் பெரியவர் இருப்பார். நள்ளிரவில் காலிங் பெல் அடிக்கும். "ஹாட் வாட்டர் வரல", "வைஃபை பாஸ்வேர்டு என்ன" என்று போன் வரும். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு நாலு நாள் போக முடியாது, ரூம் புக் ஆகியிருக்கும். பெரும்பாலான வீடுகளில் இந்த வேலை முழுவதும் வந்து விழுவது வீட்டுப் பெண்ணின் தலையில். வங்கிக் கணக்கு மட்டும் வேறு பெயரில் இருக்கும். தொடங்கும் முன் அவரிடம் கேட்டீர்களா?

இன்னொன்று ரேட்டிங். ஏர்பிஎன்பியில் 'சூப்பர்ஹோஸ்ட்' ஆக 5-க்கு 4.8 மதிப்பெண் வேண்டும். ஒரு நாள் தண்ணீர் வராமல் போய் ஒருவர் ரெண்டு ஸ்டார் போட்டால், அதைச் சரிக்கட்ட மாதக்கணக்காகும். பழைய மெத்தை, கறை படிந்த டைல்ஸ், உடைந்த ஷவர் எல்லாம் முதலில் ரேட்டிங்கில் தெரியும், பிறகு புக்கிங்கில் தெரியும். ஒவ்வொரு மாதமும் பராமரிப்புக்கு 10% ஒதுக்கச் சொன்னது இதனால்தான். அதை ஒதுக்காமல் செலவழித்தவர்களுக்கு நாலாவது வருஷம் கண்ணைக் கட்டும்.

பாதுகாப்புக்காக வெளி வாசலில் கேமரா வைக்கலாம், அதையும் விருந்தினருக்குச் சொல்லிவிட வேண்டும். அறைக்குள் கேமரா கூடவே கூடாது. ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் எந்த இடத்திலும் கேமரா வைப்பதைத் தடை செய்துவிட்டது.

போட்டியையும் மறக்கக் கூடாது. ரூம் வைத்திருக்கும் யாரும் நாளைக்கே இதைத் தொடங்கலாம். இந்த வருஷம் தெருவில் ஒரு போர்டு என்றால், இரண்டு வருஷத்தில் எட்டு போர்டு. வரும் ஆட்கள் அதே அளவுதான், பிரிந்து போவார்கள். ரேட்டும் இறங்கும்.

யாருக்கு இது நிலைக்கும்?

தொடங்கும் முன் இந்த ஐந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள்.

1. அறை ஏற்கெனவே இருக்கிறதா, கடன் வாங்கிக் கட்டப் போகிறீர்களா? இருக்கும் அறை என்றால் ஆரம்பச் செலவு பெயின்ட், மெத்தை, ஹீட்டரோடு முடியும்.

2. வார நாட்களில் தங்க வருபவர் யார்? ஆஸ்பத்திரி, கல்லூரி, தொழிற்சாலை, நீதிமன்றம் என ஏதாவது ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். பதில் "டூரிஸ்ட்" மட்டும்தான் என்றால் சீசனை நம்பியிருக்கிறீர்கள்.

3. ஆறு மாதம் ஒருவரும் வராவிட்டால் வீட்டுச் செலவு ஓடுமா? பென்ஷன், சம்பளம், கடை வருமானம் என வேறு ஒன்று கையில் வேண்டும்.

4. நாளைக்கே மாத வாடகைக்கு மாற்ற முடியுமா? தனி வாசல், தனி பாத்ரூம், சின்னதாக ஒரு சமையல் மேடை இருந்தால் முடியும். இந்த வசதி இருக்கும் அறை எந்தச் சூழலிலும் சும்மா கிடக்காது. பெட்ரூமுக்கு நடுவே வழி இருக்கும் அறைக்கு அந்த வாய்ப்பு இல்லை.

5. இரண்டாவது முறை நேரடியாக உங்களுக்கே போன் பண்ணி வரும் விருந்தினர் எத்தனை பேர்? ஒரே ஆன்லைன் தளத்தை மட்டும் நம்பினால், அவர்கள் கமிஷனைக் கூட்டினாலும் உங்கள் பக்கத்தைக் கீழே தள்ளினாலும் கேட்க வழியில்லை.

ஐந்தில் நாலுக்கு நல்ல பதில் இருந்தால் தைரியமாக ஒரு அறையில் தொடங்கலாம். ஒரு வருஷம், எல்லா சீசனும் பார்த்த பிறகு இரண்டாவது அறை பற்றி யோசிக்கலாம். எத்தனை இரவு நிறைந்தது, எவ்வளவு நின்றது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அந்த நோட்டு சொல்வதைத்தான் நம்ப வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை இல்லை.

மூன்றாவது கேள்விக்குப் பதில் "ஓடாது" என்றால் மட்டும், மற்ற நாலும் நன்றாக இருந்தாலும் மாத வாடகையே பாதுகாப்பு. குறைவாக வந்தாலும் தேதி தவறாமல் வரும்.

மொத்தத்தில்...

ஹோம்ஸ்டே நீண்ட காலம் நிற்குமா என்றால், நிற்கும். ஆனால் நிற்பது 'மீதி' அறைதான். இருக்கும் அறையை விடுவது வேறு, விடுவதற்காக அறை கட்டுவது வேறு. முதலாவதில் ஆள் வராத மாதம் வரவு இல்லாத மாதம், அவ்வளவுதான். இரண்டாவதில் ஆள் வராத மாதம் கடன் ஏறும் மாதம்.

பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் போன பிறகு வீட்டில் மிஞ்சுவது ஒரு அறை, கொஞ்சம் நேரம். அதை விட்டால் வருவது மருந்துச் செலவுக்கோ, பேரன் பேத்தி ஃபீஸுக்கோ கைகொடுக்கும். அந்த அளவோடு நிறுத்தினால் பத்து வருஷம் தாண்டியும் ஓடும். குடும்பமே அதன் மேல் உட்கார வேண்டும் என்றால், முதல் மழையிலேயே தெரிந்துவிடும்.